சிலுவை போட்ட சொற்கள்

நம் முகாம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு படம் போட்டிருந்தீர்கள். கிடுகுக் கொட்டில்கள், மணல், நடுவில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பல்லைக் காட்டும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அதற்குக் கீழே ஆளாளுக்கு இதயம், கண்ணீர், "அந்தக் காலம் திரும்பி வருமா" என்று எழுதித் தள்ளியிருந்தீர்கள். வரவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அந்தப் படத்தின் இடது ஓரத்தில், தொப்பி இல்லாமல், முகத்தைச் சுழித்துக்கொண்டு நிற்பது நான். எனக்கு அப்போதும் எரிச்சல்தான், இப்போதும் எரிச்சல்தான்.

இப்போதைய எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. நோன்பு வருவதற்குள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று அலுமாரியை நகர்த்தினோம். அதன் அடித்தட்டிலிருந்து அட்டை இல்லாத ஒரு தடித்த ஆங்கில அகராதி வெளியே வந்தது. அதற்குள் நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு என் வாப்பாவைத் தெரியும். உங்கள் வீட்டுக் கடிதங்களை எழுதியவர் அவர்தான். அதனால் உங்களிடம் சொல்லித் தீர்க்கிறேன். கடைசி வரைக்கும் வாசியுங்கள், நடுவில் இதயம் போடாதீர்கள்.

மன்னாரில் இருந்த காலத்தில் வாப்பா தபாற்கந்தோர் வாசலில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு உட்கார்ந்திருப்பார். கந்தோர் உத்தியோகத்தர் இல்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பவர். கடிதம் என்றால் தமிழில், தந்தி என்றால் ஆங்கிலத்தில். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் என்பதால் அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க வினைச்சொல்லாகவே இருந்தது. புறப்படு, வா, அனுப்பு, வந்து சேர்ந்தோம், இறந்துவிட்டார். பெயர்ச்சொல், உரிச்சொல் எல்லாம் அவருக்கு வீண் செலவு. "வினைச்சொல் கைவசம் இருந்தாப் போதும் மகள். மத்ததெல்லாம் வழியில கரைஞ்சு போற ஐஸ்," என்பார். அந்த ஆங்கிலத்தை அவர் எழுதுவார், வாசிப்பார், வாயால் பேசியதே இல்லை. பேசுவதற்கு மன்னாரில் யார் இருந்தார்கள்?

மன்னாரை விட்டுப் போகச் சொல்லித் துரத்தியபோது கல்பிட்டிக்கு வள்ளத்தில் வந்த கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் வந்தவர்கள்தான். எங்கள் வள்ளத்தில் அலை ஏறி அடித்தபோது வாப்பாவின் மூக்குக்கண்ணாடி கடலோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் தூரத்தில் போகும் வள்ளத்தின் பெயரை வாசிப்பார், கையில் இருக்கும் கடிதத்தை வாசிக்க முடியாது. வரும் கடிதங்களை நான் வாசித்துச் சொல்வேன். பதில் கடிதத்தைக் கைப்பழக்கத்தில் பெரிய பெரிய எழுத்தாக அவர் எழுதுவார். புதுக் கண்ணாடி வாங்குவோம் வாங்குவோம் என்று சொல்லியே இரண்டு வருடம் போனது.

அந்த இரண்டு வருடமும் அடுப்பை எரியவைத்தவர் உம்மா. விடியற்காலையில் மற்றப் பெண்களோடு லொறியில் ஏறிக் குறிஞ்சிப்பிட்டித் தோட்டங்களுக்கு மிளகாய் பறிக்கப் போவார். மாலையில் வந்ததும் கொட்டிலுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றிய மணலுக்குள் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எரிவு அடங்கும்வரை யாரும் கிட்டப் போகக்கூடாது. மூக்கு அரித்தால் என்னைக் கூப்பிடுவார், நான் போய்ச் சொறிந்துவிட வேண்டும். மன்னாரில் வீட்டு வாசலைத் தாண்டாத மனுசி.

கம்பளி உடுப்புப் பெட்டிகள் வந்தது அந்த இரண்டாவது வருடத்துக் கச்சான் காற்றுக் காலத்தில். கல்பிட்டி வெயிலுக்கு யாரோ புண்ணியவான்கள் பனிக்காலத்துக் கோட்டும் தொப்பியும் அனுப்பியிருந்தார்கள். முகாம் முழுக்கப் பூச்சி உருண்டை மணம். நீங்கள் எல்லோரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடினீர்கள், தலையில் வேர்க்குரு வந்து அழுததையும் நான் பார்த்தேன், அதை யாரும் குழுவில் எழுதுவதில்லை. எங்களுக்கு ஒரு பெரிய கோட்டு கிடைத்தது. உம்மா அதன் இரண்டு கையையும் வெட்டி மிளகாய்க்குக் கையுறை தைத்தார். முதல் நாளே வியர்வையும் காரமும் கம்பளிக்குள் ஊறி, எரிவு இரண்டு மடங்காகிவிட்டது. அந்தப் பெட்டியின் அடியில், யாருக்கும் வேண்டாமல் கிடந்ததுதான் அந்த அகராதி. அட்டை இல்லை. முன்பக்கங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வாப்பா அதைத் தலையணை உயரத்துக்கு இருக்கிறதே என்றுதான் எடுத்து வந்தார்.

அதே மாதம் கல்பிட்டி ரோட்டில் ஒரு வீட்டை எடுத்து வெளிநாட்டுக்காரர்கள் நிவாரணக் கந்தோர் ஒன்று திறந்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு கொழும்பு மனேஜர். அவரோடு வேலை செய்ய ஒல்லாந்திலிருந்து ஓர் இளம் வெள்ளைக்காரி வந்திருந்தார். மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். மூக்குத் தோல் வெயிலில் உரிந்து சிவப்பாக இருக்கும். முதன்முதல் முகாமுக்கு வந்தபோது, என்ன முதலில் வேண்டும் என்று அவர் மனேஜர் மூலம் கேட்க, பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "கக்கூஸ்" என்றார்கள். மிஸ் கண்ணை விரித்து, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே அவரை எங்களுக்குப் பிடிக்காமல் போயிற்று. "நம்மட நாத்தம் அவவுக்குச் சிரிப்பாக் கிடக்கு. வயித்தால போனாத் தெரியும்," என்றார் உம்மா. அது அவருடைய பாஷைச் சொல் என்றும், ஒல்லாந்தர் கோட்டையையும் கல்லறைகளையும் விட்டுப் போனதுபோல் கந்தோர், லாச்சி, போஞ்சி, கக்கூஸ் எல்லாவற்றையும் நம் வாயில் விட்டுப் போனார்கள் என்றும் என் மகள் இப்போது சொல்கிறாள். ஏழு கடல் தாண்டி வந்த இடத்தில் தன் வீட்டுச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும்தானே. அப்போது எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

ஒரு ஜும்ஆ முடிந்த பிறகு, நிவாரணக் கந்தோருக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவை, நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். மிஸ் முகாம்களைச் சுற்றும்போது கூடவே போய், சனங்கள் சொல்வதை அவருக்குச் சொல்ல வேண்டும். வாப்பா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கொட்டிலுக்கு ஓடி வந்தார். உம்மா மணலுக்குள் கையை வைத்தபடியே கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த மனுசனுக்கு அந்த வேலை கிடைச்சா நீ பள்ளிக்கூடம் போ. கிடைக்காட்டி அடுத்த போகத்துக்கு நீயும் என்னோட லொறியில ஏறு. ஒருத்தி கையால இனி ஏலாது."

எனக்குப் பதினொரு வயது. பின்னேரப் பள்ளிக்கூடம்தான், கிடுகுக் கூரைதான், ஆனாலும் வகுப்பில் நான் முதல் மூன்றுக்குள் வருகிறவள். உங்களில் சிலர் என்னைப் பார்த்து எழுதியவர்கள், பெயர் சொல்லவா? அந்த நாளிலிருந்து அகராதி தலையணையாக இல்லை. அது என் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது.

படிப்பு இப்படி நடக்கும். நான் சொல்லை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அதற்கு எதிரே உள்ள விளக்கத்தை வாசிப்பேன். வாப்பா கண்ணை மூடிக்கொண்டு அதைத் தமிழில் சொல்வார். நல்லது என்று பட்டதைக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். ஆறு வாரத்தில் அத்தனை பக்கத்தையும் முடிக்க முடியாது என்று இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. "வினைச்சொல்லை மட்டும் பார்," என்றார். அப்படியும் முடியவில்லை. மூன்றாம் நாள் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சில சொற்களுக்கு முன்னால் மட்டும் ஒரு குட்டிச் சிலுவை அச்சிட்டிருந்தது.

அந்த நேரம் மீன் கூடையோடு வேதக்கார அக்கா வந்திருந்தார். அவருடைய புருசன் குவைத்தில் இருந்தார், அவருக்குப் போகும் கடிதங்களை வாப்பாதான் எழுதுவார். நான் புத்தகத்தைக் காட்டினேன். அவர் பார்த்ததும் விரலை நெற்றியில் வைத்து எடுத்தார்.

"குருசுதான் புள்ள. சந்தேகமே இல்லை."

"சொல்லுக்கு முன்னால ஏன் குருசு?"

"நல்ல விசயத்துக்குத்தான் போடுவம். என்ட கடிதத்துக்கு மேல போடச் சொல்லி உன்ட வாப்பாக்கிட்ட நான் சொல்றதில்லையா? கேட்டுப் பார்."

வாப்பா கண்ணைத் திறந்தார். அவருடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் வள்ளத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கண்டேன். நம் ஆட்களுக்குக் கடிதம் எழுதினால் தாளின் தலையில் பிஸ்மிக்குப் பதிலாக 786 போடுவார். வேதக்காரருக்கு எழுதினால் சிறிய சிலுவை. பதினைந்து வருடமாக அவர் செய்துவந்த தொழில் அது. 786 இல்லாமல் ஒரு கடிதம் தொடங்கினால் வழியிலேயே தொலைந்துவிடும் என்று நம்புகிறவர்.

"யோசிச்சுப் பார் மகள். இந்தப் புத்தகத்தை ஆக்கினவன் வெள்ளைக்காரன். வெள்ளைக்காரன் வேதக்காரன். ஆயிரக்கணக்கான சொல்லில கொஞ்சத்துக்கு மட்டும் தன்ட குருசைப் போட்டு வைச்சிருக்கிறான் எண்டா, அதுதான் அவன்ட பரக்கத்தான சொல். பெரிய மனுசரோட பேசேக்க அதைத்தான் பேசோணும்."

இதில் எங்கே பிழை சொல்வீர்கள்? நான் இன்றைக்கும் தேடிப் பார்க்கிறேன். அவரிடம் இருந்த அறிவை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது.

அப்படித்தான் நாங்கள் ஆறு வாரமும் சிலுவை போட்ட வினைச்சொற்களை மட்டும் பொறுக்கினோம். 'ஹைட்' என்றால் இன்ன பெயர் கொண்டிருப்பது. 'வொட்' என்றால் அறிவது. 'நிம்' என்றால் எடுப்பது. 'தோல்' என்றால் தாங்குவது. இந்தக் கடைசிச் சொல் வந்தபோது வாப்பா தன் தோளைத் தட்டிக்கொண்டு, "தாங்கிறது இதுதானே. நம்மக்கிட்ட எடுத்திருக்கிறான் கள்ளன்," என்று சிரித்தார். அதெல்லாம் சும்மா தற்செயல் என்று என் மகள் சொல்கிறாள். இருக்கட்டும். காற்று மணலை அள்ளிப் புத்தகத்தின் நடுவில் கொட்டும், நான் ஊதி ஊதி வாசிப்பேன். இரவில் படுத்தால் பல்லுக்குள் மணல் நறநறக்கும். காலையில் கிணற்றடியில் பல் தீட்டும்போது வாப்பா "ஐ வொட், ஐ நிம்" என்று முணுமுணுப்பார். தண்ணீர் அள்ள வந்த ஆட்கள் அவர் ஓதுகிறார் என்று நினைத்து விலகிப் போனார்கள்.

நேர்முகத்துக்கு முதல் நாள் மத்தியானம். உம்மா தேயிலைக்குக் கேத்திலை வைத்திருந்தார். ஒட்டியிருந்த முன்பக்கங்களை நான் அந்த ஆவியில் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்றால், சும்மா இருக்கத் தெரியாத குணம். பக்கங்கள் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தன. மூன்றாவது பக்கத்தில் அடையாளங்களின் அட்டவணை இருந்தது. நட்சத்திரம், கோடு, அடைப்பு, அதற்குக் கீழே குட்டிச் சிலுவை. எதிரே ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை அதே அகராதியில் தேடிப் பிடித்து, விளக்கத்தை எடுத்துக்கொண்டு வாப்பாவிடம் ஓடினேன். அவர் இரவல் சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், ஊசியில் நூல் கோக்க நான்தான் வேண்டும். கோத்துக் கொடுத்துவிட்டு வாசித்தேன். அவரே தமிழில் சொன்னார்.

"இப்ப பாவிக்கிறதில்லை."

"அதுதான் வாப்பா. குருசு போட்டதெல்லாம் இப்ப யாரும் பாவிக்கிறதில்லையாம்."

அவர் பொத்தானைத் தைத்து முடித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "உம்மாட கலியாணச் சீலையை உம்மா இப்ப பாவிக்கிறாவா?"

"இல்லை."

"ஏன் பாவிக்கிறதில்லை? பழசு எண்டா?"

"பத்திரமா வைச்சிருக்கிறா."

"வீட்டை விட்டு வரேக்க சட்டி பானையெல்லாம் விட்டுட்டு அதைத்தானே இடுப்பில சுத்திக்கொண்டு வந்தா? பாவிக்கிறதில்லை எண்டா குப்பை எண்டு அர்த்தமில்லை மகள்."

"வாப்பா, சீலை வேற, இது வேற. அவங்களுக்கு விளங்காட்டி?"

"ஆறு கிழமை படிச்சதை இப்ப விடச் சொல்றியா? வேற என்ன கிடக்கு என்ட கையில?"

நான் விடவில்லை. தந்தியில் எழுதிய பழைய சொற்களையே சொல்லுங்கள், அது போதும் என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். உம்மா கேத்திலை இறக்கிவிட்டு, "போற மனுசனுக்குப் போற நேரம் அபசகுனமா ஏன் வாயாடுறாய்?" என்று என்னைத்தான் ஏசினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொப்பியை எடுத்து மணலில் எறிந்தேன். வாப்பா எழும்பிப் போய் அதை எடுத்து, தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். கொடுக்கும் தாளை வாசிக்க அவருக்கு என் கண் வேண்டும். மேசைக்குப் பின்னால் மனேஜரும் மிஸ்ஸும் இருந்தார்கள். வாப்பா விண்ணப்பத்தைக் கொடுத்தார். தலையில் 786 போட்டிருந்தார்.

"உக்காருங்க. உங்களப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்பம்," என்றார் மனேஜர்.

வாப்பா உட்காரவில்லை. நின்றபடி, "ஐ ஹைட்," என்று தொடங்கித் தன் பெயரைச் சொன்னார். மனேஜர் பேனையைக் கீழே வைத்தார். ஆனால் மிஸ் நிமிர்ந்துவிட்டார். தன் நெஞ்சில் விரலை வைத்து, "இக் ஹேத்," என்று தன் பெயரைச் சொன்னார். வாப்பா தலையாட்டிவிட்டு, "ஐ வொட் தமிழ், ஐ வொட் சிங்களம்," என்றார். "வேத்! இக் வேத்!" என்று மிஸ் மேசையைத் தட்டினார். வாப்பா மேசையில் இருந்த பேனையை எடுத்துக் காட்டி, "ஐ நிம்," என்றார். மிஸ் பென்சிலை எடுத்துக் காட்டி, "இக் நேம்," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடமும் என் வாப்பா தபாற்கந்தோர் வாசலில் கதிரை போட்டு இருந்த வாப்பாவாக இருந்தார். நேற்றைய வாதத்தில் தோற்றது நான்தான் என்று நினைத்து நான் சந்தோசப்பட்டேன்.

மனேஜர் தமிழில் கேட்டார். "அவங்கட பாஷை உங்களுக்குத் தெரியும்ணு சொல்றாங்க. ஒல்லாந்து பாஷை படிச்சிருக்கீங்களா?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் உள்ளுக்குள் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். வாப்பா, "இல்லை ஐயா, பொய் சொல்லேலா. இது இங்கிலீஷ்தான்," என்று பையிலிருந்து அகராதியை எடுத்து, கையெட்டும் தூரத்தில் பிடித்து, பிறகு பக்கத்தைக் காட்டச் சொல்லி என்னிடம் தந்தார். நான் 'நிம்' இருக்கும் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தேன். மனேஜர் பார்த்தார். சிரிப்பு அவருக்கு மூக்கால் வந்தது.

"இந்தக் குருசு என்னென்னு தெரியுமா? செத்துப்போன சொல்லுக்குப் போடுறது. உங்க மையவாடியில கல்லு நடுவீங்களே, அதுமாதிரி. இந்தப் பேச்ச வச்சிக்கிட்டு நீங்க யாருக்கு மொழிபெயர்க்கப் போறீங்க, கபுறுக்குள்ள இருக்கிறவங்களுக்கா?"

வாப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நேற்று மத்தியானம் நான் சொன்னதை நினைத்துத்தான் பார்க்கிறார், கோபம் என்று எடுத்துக்கொண்டேன். நான் முகத்தைத் திருப்பினேன். இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பிள்ளையை அப்படிப் பார்ப்பது கோபத்தில் இல்லை என்று இப்போது தெரிகிறது.

மிஸ் மனேஜரிடம் ஆங்கிலத்தில் என்னவோ படபடவென்று சொன்னார். மனேஜர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். முடிவை அறிவிப்போம் என்று எங்களை அனுப்பினார். வாசற்படியில் மிஸ் ஓடி வந்தார். குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவசரமாக எழுதி, நாலாக மடித்து என் கையில் வைத்து அழுத்தினார். வாப்பாவின் கையில் கொடுக்கவில்லை. அவர் புத்தகத்தைப் பிடித்த தூரத்தை மிஸ் பார்த்திருக்க வேண்டும்.

ரோட்டுக்கு வந்ததும் வாப்பா கேட்டார். "மிஸ் என்ன எழுதித் தந்தவ? வாசி பாப்பம்."

விரித்தேன். ஆங்கில எழுத்து, ஆனால் ஆங்கிலம் இல்லை. கோழிக் கிறுக்கல். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம், எல்லோரையும்விட வாப்பா மேல் கோபம். ஒரு எழுத்தையும் கூட்டிப் பார்க்க மனம் வரவில்லை.

"ஒண்டுமில்லை. தன்ட பேரை எழுதித் தந்திருக்கிறா," என்றேன்.

"நல்ல பிள்ளை," என்றார் வாப்பா. "பேரை மறக்க வேணாம்."

காகிதத்தை அகராதிக்குள் செருகினேன். வேலை ஒரு புத்தளம் பையனுக்குப் போயிற்று. அடுத்த போகம் வரும்வரைகூட உம்மா காத்திருக்கவில்லை, நேர்முகத்துக்கு மறுநாளே நான் லொறியில் ஏறினேன். பச்சை மிளகாய் கை எரிவு என்று நீங்கள் சமையலறையில் சொல்வது எரிவே இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து வாப்பாவும் தோட்டத்துக்கு வந்தார். வெங்காய மூட்டை தூக்க எழுத்துப் பார்வை தேவையில்லை. அகராதியை அவர் பிறகு தொடவே இல்லை. எனக்கு அதைத் தூக்கி எறிய ஆசை, கை வரவில்லை.

ஒரு நாள் தோட்ட வேலியோரம் கந்தோர் ஜீப் நின்றது. மிஸ் இறங்கி என்னிடம் வந்து, என் கையைப் பிடித்துப் பார்த்து, நீளமாக ஏதோ கேட்டார். பக்கத்தில் புது மொழிபெயர்ப்பாளப் பையன் ஒரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு அவசரத்தில் நின்றான்.

"சுகமா எண்டு கேக்கிறா," என்றான்.

"ஓம்," என்றேன்.

மிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேண்டுமென்றே தலையைக் குனிந்து மிளகாய் பறித்தேன். கொஞ்ச நேரத்தில் ஜீப் போய்விட்டது. மிஸ் பெருமை பிடித்தவள் என்று உம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றார்கள்.

இப்போது இந்த மாதத்துக்கு வருகிறேன். மகள் அந்தக் காகிதத்தை விரித்து, தன் போனைப் பிடித்து, ஒரு நிமிடத்தில் தமிழில் வாசித்துக் காட்டினாள். "நாளைக்கு வா. உன் வாப்பாவை நான் எடுத்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான். தன் பாஷையில் எழுதியிருக்கிறார், மனேஜர் பார்த்தாலும் விளங்கக்கூடாது, எங்களுக்கு விளங்கும் என்று நம்பி. முதல் சொல் 'கொம்'. தந்தியில் வாப்பா ஆயிரம் தடவை எழுதிய 'கம்'தான் அது. நடுவில் 'நேம்'. எங்கள் கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் இருந்த 'நிம்'. ஆங்கிலத்தில் செத்துப்போன சொல் அவருடைய பாஷையில் இன்னும் உயிரோடு இருக்கிறதாம். அதைத்தான் அந்த மேசையில் பேனையைத் தூக்கியும் பென்சிலைத் தூக்கியும் இரண்டு பேரும் சொல்லிக் காட்டினார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எழுத்துக்கூட்டி ஒரு தடவை உரக்க வாசித்திருந்தால் வாப்பா ரோட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொல்லியிருப்பார். ஆறு வாரமும் நாங்கள் படித்தது அந்த ஒரு துண்டை வாசிக்கத்தான். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மனேஜரில் தொடங்கி எல்லோரையும் சுற்றி, கடைசியில் அது என்னிடமே வந்து நிற்கிறது.

வாப்பாவிடம் சொல்லாமல் விடலாம் என்று நான்கு நாள் இருந்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணுக்கும் ஒப்பரேசன் செய்து, தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார். எனக்கும் கண்ணாடி வந்துவிட்டது. பள்ளிவாசல்துறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து போகிற வருகிற வள்ளங்களைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. ஐந்தாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மிஸ் பேர் எழுதித் தந்த துண்டு," என்றார் உடனே. நான் சொன்ன பொய் முப்பது வருடத்துக்கு மேலாக அவரிடம் அப்படியே இருந்தது.

"பேர் இல்லை வாப்பா," என்றேன். ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். 'நேம்' வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நிம்," என்றார். "எடு. அப்ப அவ என்னை எடுத்தவ."

"ஓம் வாப்பா."

"எண்டைக்கு வரச் சொன்னவ?"

"அடுத்த நாள்."

"அடுத்த நாள் நீ எங்க?"

"தோட்டத்தில."

அவர் காகிதத்தை வாங்கி, கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து, உதட்டை அசைத்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் தானே வாசித்தார். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பிறகு அதை இருந்தபடியே நாலாக மடித்து என்னிடம் நீட்டினார்.

"எனக்குத்தானே மகள் அண்டைக்குக் கண்ணாடி இல்லை," என்றார். "உனக்குக் கண் நல்லாத்தானே இருந்தது."